இருக்கைக்கு அடியில் ஒரு பித்தளை வால்வு

நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருடுபோன வண்டிகளைப் பற்றி மற்றவர்கள் செய்தித்தாளில் படிப்பார்கள். நான் அவற்றுக்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். கிடைக்காத வண்டிக்கு ஒரு நடைமுறை உண்டு. ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று அறிக்கை வரும். அதை வைத்துக்கொண்டு உரிமையாளர் காப்பீட்டு அலுவலகத்துக்கு நடக்கலாம். கிடைத்த வண்டிக்கும் நடைமுறை உண்டு, அது இன்னும் கொடியது. வண்டி வழக்குச் சொத்தாகிவிடும். காவல் நிலைய வளாகத்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மனு, ஜாமீன்தாரர், பிணைப் பத்திரம், ஆர்.சி. புத்தகத்தின் அசல் என்று உரிமையாளர் ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிப்பதற்குள் மழைக்காலம் வந்து போய்விடும். ஸ்டீயரிங் வழியாகப் பூசணிக்கொடி ஏறிப் பூத்திருந்த ஒரு ஜீப்பை அங்கே பார்த்திருக்கிறேன். கடைசியில் அது இரும்பு விலைக்கு ஏலம் போனது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஒரு கையெழுத்துகூடக் குறையவில்லை.

என்னிடம் இருப்பதும் ஜீப்தான். டீசல் வண்டி, முப்பது வயது தாண்டியது. வேலையில் இருந்தபோது குமுளிப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்துக்காரரிடம் வாங்கினேன். சுருளிப்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. மருந்து டிரம்மையும் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்து நானே ஓட்டிப் போவேன். இந்த வயது வண்டிக்கு முழுக் காப்பீடு தர ஆள் இல்லை. தொலைந்தால் தொலைந்ததுதான்.

தொலையும் காலமும் வந்தது. மலைக்கு மேலே, கேரளப் பக்கம், பழைய ஜீப்புக்குத் திடீரென்று கிராக்கி. பெரிய டயர் மாட்டிப் பாறைமேல் ஏற்றி இறக்குவது அங்கே இளைஞர்களுக்குப் பொழுதுபோக்கு. தோட்டத்து வேலியோரம் வண்டியை நிறுத்தினால் போதும், “சேச்சி, வண்டி கொடுக்குன்னுண்டோ?” என்று விலைக்குக் கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். கேட்டு வாங்குகிறவர்களோடு கேட்காமல் எடுக்கிறவர்களும் கிளம்பினார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு ஜீப் போனது. அடுத்து உத்தமபாளையத்தில் என் கணவரின் பழைய மாணவர் ஒருவருடைய ஜீப் போனது.

இதில் திருடனுக்கு நாங்களே செய்துவைத்த வசதி ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து ஜீப்காரர்கள் பாட்டரியை நம்புவதில்லை, சரிவைத்தான் நம்புவார்கள். முகத்தை இறக்கம் பார்த்து நிறுத்தி, டயருக்கு முன்னால் ஒரு கல் வைப்பார்கள். காலையில் கல்லை எடுத்து, உருளவிட்டு, கியரைப் போட்டால் வண்டி எழுந்துகொள்ளும். திருடனும் அதையேதான் செய்வான். சத்தமில்லாமல் தெருமுனைவரை உருண்டுபோய் அப்புறம் கிளப்பிக்கொள்வான். அதற்காக நான் சரிவை விடுவதாக இல்லை. என் பாட்டரியின் குணம் எனக்குத் தெரியும்.

என் கணவர் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். இரண்டு நாள் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக் கிடந்து, ரகசியமாக ஒரு ஸ்விட்ச் வைத்தார்.

“இத அணைச்சிட்டா வண்டியில ஒரு பொட்டுக் கரண்ட் கெடையாது. எந்தக் கொம்பன் வந்தாலும் அசைக்க முடியாது” என்றார்.

நான் அந்த ஸ்விட்ச்சை அணைத்தேன். சாவியை அவர் கையில் கொடுத்தேன். கல்லை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டேன். வண்டி கிளம்பியது. தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தேன். சாவியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றிருந்தார்.

“பெட்ரோல் வண்டிக்குத்தாங்க பொறி வேணும். டீசலுக்கு அழுத்தம் போதும். நீங்க பத்தாம் வகுப்புக்கு நடத்துன பாடம்தான்” என்றேன்.

“தெரியும் தாயி. நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்” என்றார்.

மின்சாரத்தைத் தடுத்துப் பயனில்லை, டீசலைத்தான் தடுக்க வேண்டும். இந்த வண்டியில் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. திராட்சைக்கு மருந்து அடிக்கும் பம்பு விற்கிற கடையில் கால் சுற்றுத் திருப்பினாலே மூடும் பித்தளை வால்வு ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும், டீசலில் அது நெடுநாள் தாங்காது. டாங்க்கிலிருந்து வரும் குழாயை வெட்டி, இடையில் வால்வைப் பொருத்தி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினேன். முடிவில் கைப்பிடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கைப்பிடி இல்லாவிட்டால் அது குழாயில் ஒரு சாதாரண இணைப்புபோலத்தான் தெரியும். மேலே பழைய சாக்கை மடித்துப் போட்டேன்.

வால்வை மூடினால் வண்டி உடனே நிற்காது. ஃபில்டரிலும் குழாயிலும் மிச்சமிருக்கும் டீசலில் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். எவ்வளவு தூரம் என்று தெரியாத ஏற்பாடு எனக்குப் பிடிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்வை மூடிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். தெருவைத் தாண்டி, சுருளிப்பட்டிச் சாலையில் திரும்பி, வாய்க்கால் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், திராட்சை எடை போடும் ஷெட் வாசலில் இருமிக்கொண்டே நின்றது. நின்றபின் வால்வைத் திறந்தாலும் கிளம்பவில்லை. குழாயில் காற்று அடைத்துக்கொண்டது. ஃபில்டர் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். மெக்கானிக் செய்யும்போது கூடவே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். அன்றைக்கும் நானே எடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு இரவும் வால்வை மூடிவிட்டுத்தான் படுக்கப் போவேன்.

சில வாரம் கழித்து, காலையில் பால் வாங்கப் போன கணவர் பாலில்லாமல் திரும்பி வந்தார்.

“ஏம்மா, வண்டிய வேற எங்கயும் நிறுத்தியிருக்கியா?”

இல்லை என்றேன். கல் மட்டும் ஓரமாகக் கிடப்பதாகச் சொன்னார். நான் காபியைக் குடித்து முடித்தேன். பெருமைக்குச் சொல்வதாக நினைக்கக் கூடாது என்று எழுதலாம்தான். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். “கோர்ட்டம்மா, மொதல்ல ஸ்டேஷனுக்குப் போங்க.”

“மொதல்ல வண்டிகிட்ட போறேன்” என்று சொல்லி, கைப்பையோடு ஒரு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன்.

என் கணக்கு சற்றே பிசகியிருந்தது. திருடன் தெருமுனைவரை இன்ஜினைக் கிளப்பாமலே உருண்டுபோயிருக்கிறான்போல. ஷெட்டைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தின் நட்டநடுவில் ஜீப் நின்றது, பானட்டைத் திறந்துகொண்டு. பின்னால் திராட்சை ஏற்றிய வண்டிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“கோர்ட்டம்மா வந்துட்டாக!” என்று சுமை தூக்குகிறவர்களில் ஒருவர் குரல் கொடுத்தார். “யக்கா, விடியக்காலம் ஒருத்தன் பானட்டத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னான். யார்ரா அவன்னு நாங்க ஷெட்ல இருந்து வர்றதுக்குள்ள வாய்க்காக் கரையில ஓட்டம் புடிச்சுட்டான். இங்கன பாருங்க, டார்ச்சு, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு.”

அதற்குள் ஏட்டு ஒருவர் வந்திருந்தார். என்னைக் கவனிக்காமல் போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமாங்கய்யா, திருட்டு ஜீப்தான். டிராக்டர அனுப்புங்க, கட்டி இழுத்துட்டு வந்துர்றேன்.”

வேப்பமரம் என் கண்ணுக்குத் தெரிந்தது. பூசணிப்பூவும் தெரிந்தது.

அவர் திரும்பினார். முன்பு நீதிமன்றப் பணியில் இருந்தவர். வழக்குச் சொத்துகளை என் மேசைக்குக் கொண்டுவருவார். அரக்கு முத்திரை கலைந்திருந்தால் நான் திருப்பி அனுப்புவேன். அடிக்கடி கலைந்திருக்கும்.

“வணக்கம் மேடம். உங்க வண்டியா? கவலப்படாதீக. பத்திரமா ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டுருவோம்.”

“அதான் ஏட்டையா கவலையே. எதுக்கு இழுக்கணும்?”

“ஓடலயே மேடம். பாலத்தையில்ல மறிச்சு நிக்குது.”

“ஓடுனா?”

“ஓடுனா நீங்க எடுத்துட்டுப் போங்க. ஓடுற வண்டிய நான் எதுக்குக் கட்டி இழுக்கப்போறேன்?” சிரித்தார். “ஆனா டிராக்டரு கெளம்பிருச்சாம்.”

சாக்கை விலக்கிக் கைப்பிடியை மாட்டி வால்வைத் திறந்தேன். ஃபில்டர் திருகைத் தளர்த்திப் பம்பை அமுக்க ஆரம்பித்தேன். நுரைதான் வந்தது. புடவைத் தலைப்பில் டீசல் வழிந்தது. “அக்கா, நாங்க அமுக்கவா?” என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன். மேட்டுப்பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டபோதும் நுரைதான் வந்துகொண்டிருந்தது. அப்புறம் நுரை குறைந்து, ஒரு சீராக டீசல் வந்தது. திருகை இறுக்கி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் திருப்பினேன். ஏட்டையா வாட்சைப் பார்த்தார்.

என் கணவர் நிதானமாக நடந்து வந்தார். எனக்குக் குறுக்கே கையை நீட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் எதையோ தட்டினார்.

“இப்பத் திருப்பு.”

அந்த ஸ்விட்ச்! அது வண்டியில் இருப்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன். அவர் மறக்கவில்லை, ராத்திரிதோறும் அணைத்துக் காலையில் போட்டுவைத்திருக்கிறார். பாட்டரி முதலில் முனகியது. இன்னொரு முறை திருப்பினேன். பாலம் முழுக்கக் கரும்புகை விட்டுக்கொண்டு வண்டி கிளம்பியது. சுமை தூக்குகிறவர்கள் விசிலடித்தார்கள். நீதிமன்றத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்ததற்கு யாரும் எனக்கு விசிலடித்ததில்லை.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பானட்டின் மேல் தாளை வைத்துப் புகார் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதி, ‘வண்டியை நானே மீட்டுவிட்டேன், என் வசம் உள்ளது, அழைக்கும்போது கொண்டுவந்து காட்டுகிறேன்’ என்று முடித்தேன். டார்ச்சையும் ஸ்க்ரூடிரைவரையும் கைபடாமல் துணியில் எடுத்து ஏட்டையாவிடம் கொடுத்தேன்.

“இதுதான் உங்க சொத்து. நல்லாக் கட்டி, லேபிள் ஒட்டி, சீல் ஒழுங்கா வைங்க.”

“இந்தத் தடவ கலையாது மேடம்” என்றார். இழுக்க வந்த டிராக்டர், நின்ற வண்டிகள் எல்லாம் போக வழிவிட்டு, வெறுமனே திரும்பிப் போனது.

ஜீப் இன்றும் அதே சரிவில், முகம் இறக்கம் பார்த்துத்தான் நிற்கிறது. கைப்பிடி என் கைப்பையில் இருக்கிறது. எங்கள் தெருவில் மூன்று வீட்டு ஜீப்புகளுக்கு வால்வு மாட்டிக் கொடுத்துவிட்டேன். மளிகைக்கடைக்காரர் தன் லோடு வண்டிக்கும் கேட்டிருக்கிறார்.

போன வாரம் வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஏட்டையா, காக்கி இல்லாமல், லுங்கியில்.

“மேடம், இது பெட்ரோல் வண்டி. ரொம்பப் பழசு, பூட்டெல்லாம் தேஞ்சுபோச்சு. இதுக்கும் அந்த வால்வு போட முடியுமா?”

“பெட்ரோலுக்குப் பொறியத் தடுத்தாலே போதும் ஏட்டையா” என்றேன். “அது என் டிபார்ட்மென்ட் இல்ல.”

கணவரை நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. உள்ளே வயர் பெட்டியைத் திறக்கும் சத்தம் அதற்குள் கேட்டுவிட்டது.