அன்றைக்கே போடும் படம்

ரோவெனாவின் பேரை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் அவள்மேல் இல்லை, அவளை வேலை வாங்கிய லட்சணத்தின்மேல்.

பிலிப்பைன்ஸில் எங்கள் ஊரான இலோய்லோவில் காலையில் சர்ச்சில் நடந்த கல்யாணத்தை அன்று மாலை விருந்து முடிவதற்குள் படமாக்கித் திரையில் காட்டிவிட வேண்டும். சுட்ட பன்றி இல்லாத விருந்தைக்கூட மன்னிப்பார்கள். படம் இல்லாத விருந்தை மன்னிக்க மாட்டார்கள். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். எடுத்ததை மண்டபத்து மூலையில் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்ப்பவள் ரோவெனா. ஊரில் பாதிப் பேரை அவரவர் கல்யாணத்திலேயே அழ வைத்தவள் அவள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எந்த விருந்திலும் சூடாக ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததும் இல்லை.

அதற்குமுன் மோலோ பக்கம் ஓர் இன்டர்நெட் கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவள். மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் எந்தப் பெட்டியையும் நம்ப மாட்டாள். அதிகம் பேசவும் மாட்டாள். பேசினால் குத்தும்.

எங்கள் முதலாளி டிண்டோ புதுக் கேமராக்கள் வாங்கினார். பார்க்கப் பிரமாதம். ஆனால் அவை படத்தை இறுக்கி மடித்துப் பதிவு செய்கிறவை. எடிட் செய்யும்போது ஒவ்வொரு நொடியையும் கம்ப்யூட்டர் விரித்துக் காட்ட வேண்டும். பழைய கம்ப்யூட்டர் அதில் மூச்சுத் திணறியது. ரோவெனா கேட்டது மூன்றே பொருள். விரிக்கும் பகுதி உள்ளேயே அமைந்த பிராசஸர், இப்போது இருப்பதைப்போல இரண்டு பங்கு ராம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான ஒன்று. இதைக் கேட்டதே முதலாளிக்குப் பிடிக்கவில்லை. யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்த கதைதான்.

கடைசியில் அவரே கடைக்குப் போய் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே வானவில் நிறத்தில் விசிறிகள், செங்கல் பருமனுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. இவ்வளவு பெரிய கார்டு இருக்கும்போது பிராசஸருக்குள்ளே விரிக்கும் பகுதி வேறு எதற்கு, அது இல்லாததை வாங்கினால் மலிவு என்று கடைக்காரன் சொன்னானாம். இவரும் தலையாட்டியிருக்கிறார். மிச்சம் பிடித்த காசு விசிறிக்குப் போயிற்று. ராமும் ஹார்ட் டிஸ்க்கும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்.

ரோவெனா மூடியைத் திறந்து பார்த்தாள்.

"பாஸ், இந்தக் கார்டு கேம் ஆடறதுக்குச் சூரன். நம்ம கேமரா ஃபைலை விரிக்க இதுக்குத் தெரியாது."

"விருந்துக்கு வர்றவன் உன் பிராசஸரையா பாக்கப் போறான்? பெட்டியத்தான் பாப்பான். அடுத்த கல்யாணத்த அதுதான் புடிச்சுக் குடுக்கும்."

சொன்னதுபோலவே ஜனம் அந்தப் பெட்டியோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. ரோவெனா ஒவ்வொரு துண்டுக்கும் எடை குறைந்த நகல் ஒன்று செய்து, நகலில் வெட்டி ஒட்டி, கடைசியில் அசலை வைத்துப் படத்தை வெளியே எடுப்பாள். சர்ச்சில் பூசை சுருக்கமாக முடிந்து, மண்டபமும் பக்கத்தில் இருந்தால் எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். அவள் சமாளித்ததுதான் வினை. சமாளிக்கிறவளுக்கு எவன் சாமான் வாங்கிக் கொடுப்பான்?

அப்புறம் கிரிசலின் கல்யாணம் வந்தது. அவளுடைய அப்பா டெல்ஃபினுக்கு இதயம் பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது. சர்ச்சுக்கு வரக் கூடாது, மாலையில் கொஞ்ச நேரம் விருந்தில் தலையைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். காலையில் அலங்காரம் நடக்கும்போதே கிரிசல் ரோவெனாவைத் தேடி வந்தாள்.

"அக்கா, நான் நடந்து வர்றத அப்பா பாக்கணும். வேற எது இல்லேன்னாலும் பரவால்ல."

"பாப்பாரு," என்றாள் ரோவெனா. யாருக்கும் வாக்குக் கொடுக்காதவள், அன்று கொடுத்தாள்.

சர்ச்சில் கிரிசல் தனியாக நடந்து வந்தாள். அப்பா கை கோத்திருக்க வேண்டிய பக்கத்து முழங்கையை மடக்கியே வைத்துக்கொண்டு பீடம் வரைக்கும் நடந்தாள். கேமராவுக்குப் பின்னால் எனக்கே கண்ணீர் கண்ணை மறைத்தது.

அன்று பாதிரியார் பேச்சை நிறுத்துகிற வழியாக இல்லை. முதலாளியோ, பெரிய இடத்துக் கல்யாணம் என்று எல்லாவற்றையும் உச்சத் தரத்தில், மெல்ல நகரும் காட்சியாக எடுக்கச் சொன்னார். ஃபைல்கள் ஊதிப் பெருத்தன. அவற்றுக்கு நகல் செய்து முடிப்பதற்குள் மண்டபம் நிறைந்துவிட்டது. ரோவெனா விரலைப் பார்க்க முடியாத வேகத்தில் வெட்டினாள். அவள் வேலை முடிந்தது. பெட்டியின் வேலைதான் முடியவில்லை. படம் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று காட்டும் கோடு நத்தையாக நகர்ந்தது. ராம் நிரம்பி ஒருதரம் எல்லாமே உறைந்துபோய், முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. விரிக்கிற பாரம் முழுவதும் பிராசஸர் தலையில். அந்தப் பெரிய கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. விசிறிகள் மட்டும் சிவப்பும் பச்சையுமாகக் கூத்தடித்தன.

டெல்ஃபினைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தோளில் நிற்காத சட்டை, ஈரத் தலையை வாரிய வகிடு. நாற்காலியைத் திரைக்கு நேராகத் திருப்பச் சொன்னார். திரையில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை.

"எப்ப தம்பி போடுவீங்க?" என்று என்னைக் கேட்டார்.

இதோ ஆச்சு ஐயா என்றேன். வேறு என்ன சொல்ல? வெள்ளைத் திரையையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததை, கை பழக்கத்தில் படம் பிடித்தேன்.

ரோவெனா என்னை ஓரமாக இழுத்தாள். கேமராவையே புரொஜெக்டரில் மாட்டி, கிரிசல் நடந்து வருவதை எடுத்தபடியே போட்டுவிடலாம் என்றாள். நல்ல யோசனை. நான் கேபிளை எடுத்தேன். முதலாளி வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். பாட்டு இல்லாமல், நிறம் சேர்க்காமல் போட்டால் கடையின் பேர் என்ன ஆவது என்றார்.

"பேரு கெடக்குது பாஸ். அந்த மனுஷன் போயிருவாரு," என்றாள் ரோவெனா.

"கோட்டப் பாரு, முடியப் போகுது. பொறுக்க மாட்டியா?"

கோடு முடிகிற இடத்தருகே போய் நின்றுகொண்டது. நான் கத்தினேன். அவர் கேபிளைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கப் போனார்.

நர்ஸ் வந்து டெல்ஃபினின் நாடியைப் பார்த்தாள். உடனே கிளம்ப வேண்டும் என்றாள். அவர் மகளின் கன்னத்தைத் தட்டி, பரவாயில்லை என்பதுபோல ஏதோ சொன்னார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரையைத் திரும்பிப் பார்த்தார். கிரிசல் மழையில் காருக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றாள்.

அவள் உள்ளே வந்த பிறகுதான் படம் தயாரானது. போட்டோம். மண்டபமே விம்மியது, கை தட்டியது. முதலாளி மைக்கைப் பிடித்துப் புது மெஷினின் பெருமையைப் பாடினார். வெட்கம் கெட்ட ஜென்மம்.

டெல்ஃபின் அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து கிரிசல் கறுப்பு உடையில் எங்கள் கடைக்கு வந்தாள். திட்டப் போகிறாள் என்று பயந்த முதலாளி, இலவச ஆல்பம் தருகிறேன் என்று அவசரமாக ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நேரே ரோவெனாவிடம் போனாள்.

"அக்கா, அப்பா திரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரே, அதை யாராவது எடுத்தீங்களா?"

இருக்கிறது என்றேன் நான்.

"நான் நடந்து வர்றதுக்கு நடுவுல அத வச்சிருங்க. அவரு பாக்கற மாதிரி. எனக்குத் தெரியும், பரவால்ல. நாளைக்கு எனக்குப் பொறக்கப் போற புள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்."

ரோவெனா நான் எடுத்த அந்தத் துண்டைத் தேடித் திறந்தாள். மகள் நடந்து வருகிறாள். அப்பா பார்க்கிறார். மகள் இன்னும் பக்கத்தில் வருகிறாள். மொத்தமே ஒரு சின்னத் துண்டு. ரோவெனா நாற்காலியில் சாய்வதற்குள் பெட்டி அதை முடித்துக் கொடுத்துவிட்டது. கிரிசல் திரையில் அப்பாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

பின்னாலிருந்து முதலாளி குனிந்து எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, என்ன ஸ்பீடுன்னு? இத வச்சுக்கிட்டுத்தான் நொட்டை சொன்ன."

கிரிசல் காதிலும் அது விழுந்தது. ரோவெனா துண்டு ஏறிய பென் டிரைவைக் கிரிசல் கையில் வைத்துவிட்டு எழுந்து போய், சுவரிலிருந்து பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். கிரிசலின் தோளைப் பிடித்து வாசல் வரைக்கும் கூட்டிப்போனாள். ரோவெனாவின் பை மேஜையிலேயே கிடந்தது. அதை எடுக்கக்கூட அவள் திரும்ப உள்ளே வரவில்லை.