மடியில் எக்கோ மெஷினோடு வெள்ளிமலை ஏறினேன்

கல்வராயன் மலைக்கு எல்லாரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் முதல் முறை போனது இதயம் பார்க்க.

இந்த ஆண்டு பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை, வெள்ளிமலையில் ஓர் இலவச இதயப் பரிசோதனை முகாம் நடந்தது. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு சிறிய இதய மருத்துவமனையில் டெக்னீசியன். ஈ.சி.ஜி. எடுப்பது, எக்கோவில் இதயத்தைப் படம் பிடிப்பது, டிரெட்மில்லில் நடக்கிறவர் பக்கத்தில் நிற்பது, இவைதான் என் வேலை. படம் எடுப்பது நான், பார்த்து முடிவு சொல்வது டாக்டர். களமருதூரில் கூலி வேலைக்குப் போகும் என் அம்மா, "எங்க பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில டிவி பாக்குற வேலை" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். எக்கோ திரையைத்தான் அப்படிச் சொல்கிறார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான் என்பதால் திருத்த வேறு ஆளும் கிடையாது.

நான் நேரில் அதிகம் பேசமாட்டேன். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காலை 5.40க்கு ஜீப் வந்தது. பேருந்தில் போயிருக்கலாம். ஆனால் எக்கோ மெஷின் குலுங்கக்கூடாது. அதை ஒரு தலையணையில் வைத்து என் மடியில் ஏற்றிக்கொண்டேன். எட்டு கிலோ. பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும், சொல்லிவிட்டேன். பக்கத்தில் எங்கள் டாக்டர் மேடம். முன்னால் ஓட்டுநர் கோவிந்தன், இருபத்தைந்து வயது இருக்கும். அவருக்குப் பக்கத்து இருக்கையில் வண்டியின் சொந்தக்காரர் வெள்ளையன், முப்பத்தாறு வயது, கோவிந்தனின் அக்கா கணவர். வண்டி இவருடையது, ஓட்டுவது மச்சான். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

கச்சிராயப்பாளையத்தில் 6.15க்கு டீ. ஒன்று 12 ரூபாய், இஞ்சி போட்டது, நிறுத்திக் குடிக்கலாம். கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து மொத்தம் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகள் அதைக் கூட்டிக் காட்டும். முதல் வளைவிலேயே காற்று மாறியது. அடுத்ததில் கீழே அணைத் தண்ணீர் ஒரு தட்டுபோலத் தெரிந்தது. எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல் இருந்தது. மடியில் மெஷின்.

முன் இருக்கையிலோ வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

"செகண்டுல போடுடா. வண்டி முக்குது பாரு," என்றார் வெள்ளையன்.

"போட்டுக்கினுதான் மாமா இருக்கேன்."

"ஹாரன் அடிக்காம வளையுறியே, எதிர்ல வர்றவன் இன்னா ஜோசியக்காரனா?"

"இந்தா, நீயே வந்து உக்காரு."

அடுத்த இரண்டு வளைவுகளிலும் கோவிந்தன் ஹாரனை விடாமல் அடித்தார். பிறகு தாங்க முடியாமல், பின்னால் திரும்பாமலே சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க மேடம். மாமாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து போயிருக்குதுங்க. ரெண்டு வருசம் ஆச்சு. ஸ்டீரிங்க தொடக்கூடாதுன்னு எங்க அக்கா சத்தியம் வாங்கிக்கினு வுட்டுது."

டாக்டர் கேட்கக் கேட்க மீதியும் வந்தது. ஒருநாள் நெஞ்செரிச்சல் என்று வெள்ளையன் கீழே ஓர் ஊரில் ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறார். அட்டாக் வந்த தடம் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆஞ்சியோ செய்துகொள் என்றிருக்கிறார்கள். அறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் இவர் போகவே இல்லை. மாத்திரை மட்டும் தொடர்கிறது.

"மரவள்ளி மூட்டைய தொட்டாக்கூட, 'ஹார்ட்டுகாரன் நீ, வுடுயா'ன்னு புடுங்கிக்கிறானுங்க மேடம்," என்றார் வெள்ளையன். "என் பேரே மறந்துபூட்டானுங்க."

அதைவிடப் பெரிய சங்கதி கடைசியில் வந்தது. மாசி மாதம் கோவிந்தன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார். அதற்குமேல் ஓட்ட ஆளில்லை. ஜீப்பை விலை பேச ஒருவர் வந்து, டயரைக்கூட உதைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். "டயர உதைச்சாரு மேடம், எனக்கு வலிச்சுது," என்றார் வெள்ளையன். சிரித்தபடிதான் சொன்னார்.

"சாயந்திரம் நீங்களும் வந்து படுங்க, பாத்துடலாம்," என்றார் டாக்டர்.

"எனக்குத் தெரிஞ்ச கதைதானே மேடம். மத்தவங்களப் பாருங்க."

8.05க்கு வெள்ளிமலை. ஒரு பள்ளிக் கட்டடத்தில் முகாம். நான் பயந்தது மின்சாரத்துக்கு. இரண்டு முறை போனது, மெஷினின் பேட்டரி தாங்கியது. பயப்படாதது குளிருக்கு. அதுதான் படுத்தியது. எக்கோ எடுக்க மார்பில் தடவும் ஜெல் பனிக்கட்டிபோல ஆகிவிட, படுத்த முதல் ஆள் துள்ளி எழுந்து வெளியே ஓடினார். வரிசையில் நின்ற பாதிப் பேர் அவரோடு போகப் பார்த்தார்கள். பிறகு ஜெல் பாட்டிலை டீக்கடை அண்டாவின் மேல் வைத்து வைத்து எடுத்தோம். சாமை அறுவடை வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். ஒரு பெண் திரையில் தன் இதயத்தின் வால்வு திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, "இது ராத்திரியும் இப்படியே அடிச்சிக்கினு இருக்குமா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "லீவே கெடையாதா? என்னாட்டம்தான்," என்றார். அன்று எக்கோ எடுத்தவர்கள் நாற்பத்தொரு பேர். இருவருக்கு வால்வில் கோளாறு தெரிந்தது. மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

நான்கு மணிக்கு வரிசை முடிந்தது. டாக்டர் வெள்ளையனைக் கூப்பிட்டார். "ஈ.சி.ஜி. மட்டும்" என்ற நிபந்தனையோடு வந்து படுத்தார்.

கைகளிலும் கால்களிலும் கிளிப் மாட்டினேன், மார்பில் ஆறு உறிஞ்சிகளை ஒட்டினேன். பொத்தானை அழுத்தியதும் காகிதம் வந்தது. முதல் கோடே தலைகீழ். மேலே எழ வேண்டிய அலையெல்லாம் கீழே தொங்கின.

இதைப் படிக்கும் டெக்னீசியன்களுக்குத் தெரியும், இப்படி வந்தால் நம் மனம் முதலில் நம்மைத்தான் சந்தேகிக்கும். வலக்கைக்கான சிவப்பு வயரையும் இடக்கைக்கான மஞ்சள் வயரையும் மாற்றி மாட்டியிருந்தால் இப்படித்தான் வரும். படிக்கும் காலத்தில் நான் இரண்டு முறை அதற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். காது சூடாகிவிட்டது. குனிந்து பார்த்தேன். சிவப்பு வலக்கையில், மஞ்சள் இடக்கையில். சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். வயர்களை இடம் மாற்றிவிட்டு இன்னொரு காகிதம் எடுத்தால் கோடு நிமிர்ந்துவிடும். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், நானும் வாய் திறக்க வேண்டாம். உண்மையைச் சொல்கிறேன், சிவப்புக் கிளிப்பைக் கழற்றியே விட்டேன்.

அப்போதுதான் மார்பில் ஒட்டிய ஆறும் வரைந்த மார்புக் கோடுகள் கண்ணில் பட்டன. ஒன்றிலிருந்து ஆறு வரை அலைகள் படிப்படியாக வளர வேண்டும். இவருக்குத் தேய்ந்துகொண்டே போயின. கை வயர் மாறினால் கைக்கோடுகள்தான் கெடும், மார்புக் கோடுகளுக்கு ஒன்றும் ஆகாது. கிளிப்பைத் திரும்ப மாட்டினேன். "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று அவர் இடப்பக்க மார்பில் உள்ளங்கையை வைத்தேன். அமைதி. வலப்பக்கம் வைத்தேன். கதவைத் தட்டுவதுபோல உள்ளிருந்து கையைத் தட்டியது.

"மேடம்" என்று கூப்பிட்டேன். குரல் வரவில்லை. மூன்றாவது முறைதான் வந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்ததும், "வயர மாத்திட்டியாம்மா?" என்றார்.

"இல்ல மேடம். நான் மாத்தல. ஹார்ட் வலது பக்கம் இருக்கு." இவ்வளவு சத்தமாக நான் எந்த மருத்துவமனையிலும் பேசியதில்லை.

டாக்டர் டீயைக் கீழே வைத்தார். எக்கோவை வலப்பக்கம் வைத்ததும் திரையில் நான்கு அறைகளும் வந்து நின்றன, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக. புத்தகத்தில் ஒரு சின்னப் படமாக மட்டும் பார்த்தது! டாக்டர் வயிற்றையும் பார்த்தார். கல்லீரல் இடப்பக்கம். பிறக்கும்போதே எல்லாம் பக்கம் மாறி அமைந்த உடம்பு, கோடியில் ஒன்று என்று சொல்லும் அளவுக்கு அரிதில்லை, ஆனால் என் அனுபவத்தில் முதல். இதயச் சுவர்கள் நான்கு புறமும் நன்றாகச் சுருங்கி விரிந்தன.

பழைய ஈ.சி.ஜி.யின் செராக்ஸ் ஜீப்பில் இருந்தது. கோவிந்தன் ஓடிப்போய் எடுத்து வந்தார். அதில் கைக்கோடுகள் ஒழுங்காக நிமிர்ந்து நின்றன. மார்புக் கோடுகள் மட்டும் தேய்ந்திருந்தன. டாக்டர் அதை என் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தார்.

"அன்னைக்கும் தலைகீழாத்தான் வந்திருக்கும். தான்தான் தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சு, எடுத்தவங்க வயர மாத்திக் கோட்ட நிமித்திட்டாங்க. மீதி இருக்கிற தேய்மானத்தப் பாத்தா பழைய அட்டாக் மாதிரிதான் தெரியும்."

சற்று முன் நானும் அதற்காகத்தான் சிவப்புக் கிளிப்பைக் கழற்றியிருந்தேன்.

"அப்ப அட்டாக்கு?" என்றார் வெள்ளையன், எழுந்து உட்கார்ந்து.

"வந்ததுக்கான அடையாளம் இந்தப் படத்துல எதுவும் இல்ல. ஆனா இத மட்டும் வச்சு வண்டி ஓட்டுன்னு சொல்லமாட்டேன். செவ்வாக்கிழமை கீழ வாங்க, டிரெட்மில்லுல நடக்க வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் மாத்திரைய நிறுத்தாதீங்க."

மச்சான்தான் முந்திக்கொண்டார். "இத்தினி நாளும் தப்பான பக்கம் கைய வச்சிக்கினு அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருக்க மாமா. அங்க காலி எடம்!"

"போடா டேய்," என்றார் வெள்ளையன். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிரவு அங்கேயே தங்கி, ஞாயிறு காலை டாக்டரும் மெஷினும் ஜீப்பில் மலை இறங்கினார்கள். நான் விடுப்பு கேட்டு மேலேயே இருந்து, பெரியார் அருவியைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பினேன். சாலையிலிருந்து இறங்கியதும் அருவிதான், நடை குறைவு. தண்ணீர் மிதமாக இருந்தது. நான் ஒரு மணி நேரம் காலை நனைத்தபடி உட்கார்ந்து, வருகிற போகிறவர்களின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கு எந்தப் பக்கமோ!

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை ஆறுக்குள் கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்புங்கள், மலைப்பாதையில் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். பேருந்து நேரத்தை முந்தின நாளே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நீண்ட காத்திருப்பு. பெண்கள் சாதாரண நகரப் பேருந்தில் ஏறினால் கச்சிராயப்பாளையம் வரை காசில்லை. மேலே சில்லறையும் ஸ்வெட்டரும் வேண்டும். முகாமுக்குப் போகிற என் துறைக்காரர்கள் எக்கோ மெஷினை ஊர் மாற்றி எடுத்துப்போக, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி முன்கூட்டியே அனுமதி வாங்கி, கடிதத்தின் நகலை வண்டியில் வைத்திருங்கள். ஜெல்லைச் சூடாக்க வழி செய்துகொள்ளுங்கள். காகிதம் தலைகீழாக வந்தால், வயரைத் தொடும் முன் ஆளைத் தொட்டுப் பாருங்கள். கூச்சமாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். நம் தப்பு என்றால் ஒரு திட்டு. நம் தப்பு இல்லையென்றால் ஒருவருடைய இரண்டு வருடம்.

இனி செவ்வாய்க்கிழமை. பத்தரை மணிக்கு வெள்ளையன், அவர் மனைவி பொன்னி, கோவிந்தன் மூவரும் வந்தார்கள். வயர்களை வலப்பக்கமாக இடம் மாற்றி ஒட்டி, டிரெட்மில்லில் ஏற்றினேன். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடும்.

"இன்னா சிஸ்டர், இவ்ளோதானா ஏத்தம்? எங்கூர்ல தண்ணி எடுக்கப் போறதே இதுக்கு மேல."

"வாய மூடிக்கினு நடய்யா," என்றார் கதவருகே நின்ற பொன்னி. அவர் கண் வெள்ளையன்மேல் இல்லை, தனக்கு ஒன்றும் புரியாத திரையில்தான் இருந்தது.

பன்னிரண்டு நிமிடம் நடந்தார். கோடுகளின் வடிவம் மாறவில்லை, வலியும் இல்லை. டாக்டர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்து, பழைய மாத்திரைச் சீட்டைக் குறுக்கே அடித்தார். "வண்டி ஓட்டலாம். நெஞ்செரிச்சலுக்கு வேற மருந்து தர்றேன். இன்னொண்ணு, உங்களுக்கு குடல்வால்கூட இடது பக்கம்தான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இத முதல்ல சொல்லணும்." எப்போதும் கூடவே வைத்திருக்க ஓர் அட்டை எழுதச் சொன்னார். இதயம் வலப்பக்கம் என்று பெரிய எழுத்தில் எழுதி, முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

ஜீப்பைக் காணோம். மருந்துப் பையோடு பொன்னியும் கோவிந்தனும் தெருவில் நின்றார்கள்.

"சாவிய புடுங்கிக்கினு பூட்டாருங்க," என்றார் கோவிந்தன். "எங்கள ஏத்திக்கணும்னுகூட தோணல!"

பொன்னி முந்தானையால் வாயை மூடியிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஹாரன் அடித்தபடியே ஜீப் வந்தது. "எங்கய்யா போன?" என்றார் பொன்னி.

"பஸ் ஸ்டாண்ட ரெண்டு சுத்து சுத்தினேன். கிளட்சு ரொம்ப மோசமா வச்சிக்கிறான் இவன். ஏறு, ஏறு."

இருவரும் ஏறினார்கள். வண்டி நகர்ந்து தெருமுனைக்குப் போனபிறகுதான் அட்டை என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். பட்டப்பகலில், அத்தனை கடைக்காரர்களும் பார்க்க, "அண்ணா, நில்லுங்க! அண்ணா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

ஜீப் நின்றது. அட்டையை வாங்கிய வெள்ளையன், "இவ்ளோ தூரம் ஓடியாந்துட்டீங்க, ஏறுங்க சிஸ்டர், மலைக்கே போயிட்டு வந்துடலாம்," என்றார்.

டிரெட்மில்லுக்கு அடுத்தவர் காத்திருந்தார். இல்லையென்றால் ஏறியிருப்பேன்.