முந்நூறு ஊசியும் ஒரு பொய்யும்

கல்லூரி மருத்துவ அறை நர்சுக்கு மாணவர்கள் வைத்த பெயர் தைலக்கா. சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய அந்த ஒற்றை அறையில் பத்தொன்பது வருடமாக அவளும், கால் ஆடும் ஒரு கட்டிலும், எடை பார்க்கும் இயந்திரமும்தான். நிர்வாகம் கைநிறைய வாங்கிக் கொடுத்த ஒரே மருந்து தலைவலித் தைலம். யார் என்ன நோவென்று வந்தாலும் அதுதான் கிடைக்கும். பட்டப்பெயரைக் கேட்டால் அவளும் சிரித்துவைப்பாள்.

சிரிப்பெல்லாம் உதட்டோடு சரி. ஆறு வருடத்துக்கு முன் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி காலையில் தலைவலி, லேசான காய்ச்சல் என்று வந்தாள். தைலம் தடவி, மாத்திரை கொடுத்து விடுதிக்கு அனுப்பிவிட்டாள் இவள். மாலைக்குள் அந்தப் பெண்ணுக்குக் கழுத்து விறைத்து, பேச்சுக் குழறி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளைக்காய்ச்சல். உயிர் தப்பியது, ஒரு காது போயிற்று. "ஆரம்பத்துல இது சுலபமா பிடிபடாதும்மா" என்று டாக்டரே சொன்னார். இவள் மனசுதான் ஆறவில்லை. அன்றிலிருந்து வருடம் தவறாமல், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதற்கான தடுப்பூசி வேண்டுமென்று சுகாதாரத் துறைக்குக் கடிதம் போட்டாள்.

ஆறாவது கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. முந்நூறு ஊசி, குளிர்ப்பெட்டியோடு வந்து இறங்கியது. நான்கு நாள் முகாம். காசு கிடையாது.

முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர், வகுப்புக்குப் போகாமல் இருக்கச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்க வந்தவர்கள். இரண்டாம் நாள் அவள் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினாள். ஒரே அறையில் நாலு பேர் படுப்பது, ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது, இருமலில் கிருமி தாவுவது எல்லாவற்றையும் விளக்கினாள். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன், "வலிக்குமாக்கா?" என்றான். பொய் சொல்லத் தெரியாதவள், "கொஞ்சம் வலிக்கும்" என்றாள். அன்று நான்கு பேர்.

மூன்றாம் நாள் கல்லூரி முதல்வரே மேடையேறினார். ஆரோக்கியத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஊசி என்ற சொல் அதில் எங்கேயும் வரவில்லை. முன்வரிசை மட்டும் விழித்திருந்தது. அன்று ஊசிக்கு ஒருவரும் வரவில்லை.

மதியம் காபி குடிக்கப் போனவள், கேன்டீன்காரரிடம் தன் கஷ்டத்தைச் சொன்னாள். அவர் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"சிஸ்டர், இலவசம்னு எழுதிப் போட்டீங்களா?"

"பெருசா எழுதிப் போட்டிருக்கேன்."

"அதான் விஷயம். போங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் என்ன பார்த்துக்கொண்டார் என்பது நாலாம் நாள் காலையில்தான் தெரிந்தது. அறை வாசலிலிருந்து சைக்கிள் நிறுத்துமிடத்தைச் சுற்றி வரிசை நின்றது. அடிதடி ஆகாத குறை. அறுபது ஊசிதான் மிச்சமாம், மீதியைப் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டார்களாம் என்று கேன்டீனில் பேச்சு. வரிசையில் மூன்றாமாண்டுக்காரர்கள்கூட நின்றார்கள், தங்கள் பங்கை யாரும் அமுக்கிவிடக் கூடாது என்று. அவர்களை விலக்கி அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

முன்னால் நின்ற பெண் கேட்டாள். "அக்கா, அறுபதுதான் இருக்காமே. நிஜமா?"

நர்சின் கையில் பஞ்சு. பின்னால் பெட்டியில் இருநூற்றுத் தொண்ணூற்றொரு ஊசி. உண்மையைச் சொன்னால் வரிசை கலைந்து, 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று போய்விடும்.

"பேச நேரமில்லம்மா. ஸ்லீவை மேல ஏத்து" என்றாள்.

அது பொய்யில்லை என்று நாள் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நூறாவது ஊசியில் சொல்வதை நிறுத்திவிட்டாள். போட்டுக்கொண்டவர்கள் கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, கிடைத்துவிட்ட பெருமையில் கை வலியைக் காட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் பெட்டியில் இருபத்தைந்து மீந்தது.

மறு வாரம் சுகாதாரத் துறையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, முதல்வர் பெயருக்கு. மாணவர்களை எழுச்சிபெறச் செய்த உரைக்காக. அதற்கு நன்றிக் கடிதம் தட்டச்சு செய்ய ஆளில்லாததால் தைலக்காவைக் கூப்பிட்டார்கள். அவளும் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

"பாத்தீங்களா, ஒரு நல்ல பேச்சுக்கு என்ன சக்தின்னு" என்றார் முதல்வர், கையெழுத்துப் போட்டபடி.

"ஆமா சார்" என்றாள் அவள். அதுவும் ஒரு வகையில் உண்மைதானே என்று தோன்றியது. பட்டியலில் ஊசி போடாத முதலாமாண்டுப் பெயர்கள் இன்னும் இருபத்திரண்டு இருந்தன. குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தாள்.