பெட்டி போய்ச் சேர வேண்டிய நேரம்

“சார், பிளைட்டு சாயங்காலம் ஆறு மணின்னா நம்ம பெட்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்னு ஒரு பயலுக்கும் புரிய மாட்டேங்குது. எப்படி எழுதுனா புரியும்?”

சில வருடங்களுக்கு முன் என்னிடம் இப்படிக் கேட்ட குமரேசன் இன்று காலை இறந்துவிட்டார். போடி ஆஸ்பத்திரியில்... மாரடைப்பு.

தெரியாத நண்பர்களுக்கு: எங்கள் பகுதி ஏர் கார்கோ சங்கத்தின் செயலாளர் அவர். இங்கிருந்து ஏலக்காயை விமானத்தில் அனுப்பும் வியாபாரிகளும் ஏஜென்ட்டுகளும் சேர்ந்து நடத்தும் சிறிய சங்கம்.

மாதாமாதம் இரண்டு பக்கச் செய்தித்தாள் போடுவார். யார் லோடு எங்கே போனது, எந்த விதி மாறியது, அடுத்து என்ன கூட்டம், என்ன பயிற்சி... அச்சுக்குப் போகும் முன் என்னிடம் வரும். ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

அன்று அவர் கேட்டதற்கு நான் பப்ளிக் பரீட்சையை உதாரணம் சொன்னேன். பத்து மணிக்குப் பரீட்சை என்றால் பத்து மணிக்கு வருகிறவன் கேட்டுக்கு வெளியேதான் நிற்பான்.

அதை அப்படியே போட்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில் தேவாரத்து வியாபாரி ஒருவர் எழுந்து, “செயலாளர் அண்ணே, அப்ப லோடுக்கு ஹால் டிக்கெட்டும் உண்டா?” என்றார்.

“உண்டு மாப்ளே. பில்லுன்னு பேரு. நீ அதையும் மறந்துட்டுத்தான் வருவ.”

கூட்டமே சிரித்தது. அதற்குப் பிறகு பெட்டிகள் பிந்துவது குறைந்தது உண்மை.

ஒருமுறை போடிமெட்டுப் பக்கம் பேக்கிங் ஷெட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். உலர்த்தும் அறையிலிருந்து வந்த காயைச் சூடு ஆறும் முன் கட்டினால் பெட்டிக்குள் வியர்த்துவிடும், பூஞ்சை பிடிக்கும். அதனால் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போவார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல...

“டாக்டர் சேட்டன் வந்தாச்சு, காய்ச்சல் பாக்க,” என்று ஒரு மலையாளப் பெண் சொல்ல, மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் நிமிரவே இல்லை. அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

நேற்று நடந்ததை ஜீப் ஓட்டும் பாண்டி ஆஸ்பத்திரி வராண்டாவில் சொன்னான்.

இதுவரை ஏலத்தில் மட்டுமே விற்றுவந்த பன்னிரண்டு சிறு விவசாயக் குடும்பங்கள், முதன்முறையாகத் தங்கள் காயைச் சேர்த்து விமானத்தில் அனுப்பும் லோடு அது. குமரேசன்தான் பல மாதம் அலைந்து ஏற்பாடு செய்தார். சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தால் வெளிநாட்டுக்காரர் தொடர்ந்து வாங்குவார். பிந்தினால் அதோடு சரி.

மலையில் மழை. மேலேயிருந்து பெட்டிகளோடு குமரேசன் வந்த ஜீப் கிளம்பவே நேரமாகிவிட்டது. போடியில் வேன் காத்திருக்கிறது. அங்கே பெட்டியை மாற்றி, பேப்பரில் அவர் கையெழுத்துப் போட்டு, நாலு மணிக்குள் மதுரை ஏர்போர்ட்டில் ஒப்படைக்க வேண்டும்.

பாதி மலை இறங்கும்போது பேச்சை நிறுத்தினாராம். அந்தக் குளிரில் சட்டை நனைந்திருக்கிறது. கை நெஞ்சுக்குப் போயிருக்கிறது.

பாண்டி, “அண்ணே, நேரா ஆஸ்பத்திரிக்கு விடவா?” என்று கேட்டிருக்கிறான்.

“வாய்வுடா. நீ ரோட்டப் பாத்து வெரசாப் போ.”

இரண்டு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நெஞ்சு அடைத்தால் எங்கள் ஊரில் முதலில் இதைத்தான் செய்வோம். காய் கையிலேயே இருக்கிறது அல்லவா... நானும் எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

போடிக்கு வந்ததும் மறுபடியும் கெஞ்சியிருக்கிறான். அந்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரி இரண்டு தெரு.

“ரெண்டு கையெழுத்துதான பாண்டி. போட்டுட்டு வர்றேன்.”

ஜீப் பானெட்டில் வைத்துப் போட்டார். முதல் கையெழுத்தில் பேனா நழுவியது. எடுத்துக் கொடுத்தது பாண்டிதான். பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்து, வேன் திருப்பத்தில் மறையும்வரை நின்றார். பிறகுதான் ஜீப்பில் ஏறினார். ஏறவில்லை... பாண்டி தூக்கி உட்கார வைத்தான்.

வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். “பாதி மலையிலயே சார்” என்றான் பாண்டி. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்று காலை நான் போனபோது அவர் மனைவி அவருடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு மெசேஜ் வந்திருந்தது, இங்கிலீஷில்.

“சார், இது என்ன சொல்லுது?”

பெட்டி எல்லாம் பிளைட்டில் ஏறிவிட்டது என்று படித்துச் சொன்னேன்.

“கண்ணு முழிச்சப்பல்லாம் அதைத்தான் கேட்டாக. எனக்குப் பதில் தெரியல,” என்றார். போனை என்னிடமே கொடுத்துவிட்டார்.

சங்க உறுப்பினர்களுக்கு... ஞாயிற்றுக்கிழமை சிலமலையில் நடக்கவிருந்த பேக்கிங் பயிற்சி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. மதுரை கார்கோ ஷெட்டைப் பார்க்கப் போகும் நாளில் மாற்றமில்லை, அவர் குறித்த நாள்தான். முந்தாநாள் அவர் எனக்கு அனுப்பிய இந்த மாதச் செய்தியில் ஒரு எழுத்தையும் நான் திருத்தப்போவதில்லை.

இன்று மாலை நான்கு மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

போய் வாருங்கள் குமரேசன். லோடு போய்விட்டது.

படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். நெஞ்சு அடைத்தால் ஏலக்காயைத் தேடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் “ஆஸ்பத்திரிக்கு விடு” என்று சொல்லுங்கள்.