மீதிப் பன்னிரண்டு மக்ரூன்

அன்று படித்துறையில் முதலில் கத்தியவள் நான்தான். இதை எங்கள் ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். அப்போது அதற்காக என்னைப் பாராட்டினார்கள்கூட.

முக்கூடலுக்கு அடுத்து ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. நான் பீடி சுற்றிக்கொண்டு ஆறு வயது மகளோடு இருந்தேன். நல்லது கெட்டதுக்கெல்லாம் பக்கத்துத் தெருவில் இருந்த என் தம்பிதான். அந்த வாரம் முழுக்க எல்லார் போனிலும் ஒரே குரல் ஓடியது. பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறதாம், மிட்டாயில் மருந்து வைத்துக் கொடுக்கிறார்களாம். பேசியவன் யாரென்று எவருக்கும் தெரியாது. ஆனாலும் நான் அதை நான்கு பேருக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தண்ணீரில் கிடந்து ஆட்டம் போட்டன. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண், மஞ்சள் பையோடு மேல்படியில் நின்றாள். விரலை நீட்டிப் பிள்ளைகளை ஒவ்வொரு தலையாக எண்ணினாள். எண்ணி முடித்துக் கண்ணை மூடினாள். பிறகு பையில் கையைவிட்டு எதையோ எடுத்து, முதல் ஆளாக என் மகள் கையில் கொடுத்தாள். மகள் அதை அப்போதே வாயில் போட்டுக்கொண்டாள்.

"லே தம்பி, ஓடியாலே! பிள்ளய பிடிக்கா!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. தம்பி முதலில் வந்தான். அவன் பின்னால் தெருவே வந்தது. அவளை மருத மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். "எம் மவனுக்கு வேண்டுதல்மா, பதிமூணு பிள்ளைக்குக் குடுக்கணும்" என்று அவள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது. தம்பி அவள் வலது கையை முறுக்கியபோது வந்த சத்தமும் கேட்டது.

பை கிழிந்து படியில் கொட்டியது. மக்ரூன், முந்திரிப் பண்டம். தூத்துக்குடிப் பக்கம் போய் வருகிறவர்கள் யாரும் வாங்காமல் வரமாட்டார்கள். என் கல்யாணத்துக்கே இரண்டு டப்பா வந்தது. மிதிபட்டு வெள்ளைப் பொடியாகக் கிடந்ததைப் பார்த்து, "மருந்துலே, மருந்து!" என்று ஒருவன் கத்தினான். நானும் மருந்து என்றுதான் பார்த்தேன். நூறு தடவை தின்ற பண்டம் அன்றைக்கு எனக்கு அடையாளம் தெரியவில்லை. இதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

போலீஸ் வந்து அவளைக் கொண்டுபோனது. நான் புகார் கொடுக்கப் போனேன். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு அழுத மகள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு, "பிள்ள மயங்கிட்டாளாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் தம்பி, "ஆமா சார், மயங்கிட்டா" என்றான். வாசலில் ஊரே நின்றது. அவள் பிள்ளை பிடிக்க வந்தவள் இல்லை என்றால், கையை முறுக்கிய என் தம்பி யார்? நான் கையெழுத்துப் போட்டேன்.

நாற்பது நாள் அவள் சிறையில் இருந்தாள். பொடியைச் சோதித்ததில் சீனி, முட்டை, முந்திரி தவிர வேறொன்றும் இல்லை என்று வந்தது. ஊர் அதற்கும் அசையவில்லை. "மாத்தி எழுதிட்டாவ வே" என்று டீக்கடையில் ஒரே வார்த்தையில் முடித்தார்கள். பிள்ளை மயங்கினாள் என்ற என் வாக்கு மட்டும் வழக்கைத் தாங்கி நின்றது. அவளும் தன்னை அடித்தவர்கள்மேல் புகார் கொடுத்திருந்தாள்.

இரண்டு வருடம் கழித்துப் பாளையங்கோட்டையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். தம்பிக்கு வளைகுடாவில் வேலை கிடைத்திருந்த நேரம். முந்தின நாள் வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூட உட்காராமல் சொன்னான்: "எக்கா, மயங்கினான்னு மட்டும் சொல்லு. மாத்திச் சொன்னேன்னா எங்கதி அவ்வளவுதான்."

நான் சாட்சிக் கூண்டில், அவள் எதிர்க் கூண்டில். அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாக நின்றது. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொன்னேன். வந்தாள், ஆமாம். எண்ணினாள், ஆமாம். கொடுத்தாள், ஆமாம். எல்லாம் உண்மைதான், அந்த உண்மைகளை வைத்துத்தான் அவளைக் கட்டிப்போட்டிருந்தோம். பிறகு அவளுடைய வக்கீல் எழுந்தார்.

"உங்க மக மயங்கினப்பறம் எப்போ முழிச்சா?"

"மத்தியானம்."

"முழிச்சதும் என்ன சொன்னா?"

பின்வரிசையில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

"இன்னொரு மக்ரூன் கேட்டா" என்றேன். "மயங்கல்ல ஐயா. தூங்கினா."

அரசு வக்கீல் துள்ளி எழுந்து, நான் பிறழ் சாட்சி என்றார். பொய் சொன்ன இரண்டு வருடமும் நான் நல்ல சாட்சியாக இருந்தேன்.

அவளுக்கு விடுதலை கிடைத்த அன்று நான் போய் வராந்தாவில் நின்றேன். காலில் விழலாமா என்று யோசித்தேன், துணிவு வரவில்லை. அவளே பக்கத்தில் வந்து, "பிள்ள நல்லா இருக்காளா?" என்று கேட்டாள். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். நடக்கிறான் என்றாள்.

"அவன் ஆசுபத்திரில கெடந்தப்ப, மொகம் அறியாத பதிமூணு பிள்ளைக்கு மக்ரூன் குடுக்கேன்னு புனிதருக்கு நேந்துக்கிட்டேன். அதான் பஸ் ஏறி அங்கன வந்தேன். ஒண்ணுதான குடுத்தேன், இன்னும் பன்னெண்டு பாக்கி நிக்கி" என்றாள். "எங்க போய்க் குடுக்க? பிள்ளைகளக் கண்டாலே விலகி நடக்கேன்."

 

இப்போது அவளை அடித்தவர்கள்மேல் வழக்கு நடக்கிறது. எதிரிகள் ஆறு பேர், முதல் பெயர் தம்பி. பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது. அவன் என்னிடம் பேசி எட்டு மாதமாகிறது. போன வாரம் எனக்குச் சம்மன் வந்தது, இந்த வழக்கிலும் நான் சாட்சி. முதலில் கை வைத்தது யார் என்று கேட்பார்களாம். தம்பி என்றாலும் தெரியாது என்றாலும் யாரோ ஒருவருக்கு நான் பாவி.

இந்த வழக்கை நடத்துகிற அரசு வக்கீலிடம் ஒன்று கேட்டேன். "கூப்பிட்டது நான்தானே ஐயா, எம் பேரு ஏன் அதுல இல்ல?"

அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கத்தினதுக்கெல்லாம் கேசு கிடையாதும்மா" என்றார்.