லிவர்பூலும் லண்டனும் ஒரே மேசையில்

பழைய இசைத்தட்டு விற்கிறவன் தட்டில் கீறல் விழுந்தால்கூடப் பொறுத்துக்கொள்வான், "இதுல யாரு அண்ணே பெரிய பேண்ட்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு. கடை போட்டு உட்கார்ந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஈப்போ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எங்களுக்கு ஒரு மேசை. பாதி எனக்கு, பாதி சேவியருக்கு. இருவரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஒரே பேண்டில் வாசித்தவர்கள். இங்கிலீஷ் பாட்டு என்றால் நான் லிவர்பூல் ஊர் நாலு பேர் பேண்டின் கட்சி. அவன் அவர்களுக்குப் போட்டியான லண்டன் பேண்டின் கட்சி. நாலு மாதமாகப் பேச்சு இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் இரண்டு பேரும் சேர்ந்து சந்தை ஆபீசுக்குப் போய் வாடகைப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்காவிட்டால் மேசை வேறு ஆளுக்குப் போய்விடும். ஹேண்ட்போன் கவர் விற்கிற ஒருவன் இப்போதே அளவு டேப்போடு வந்து நீளம் பார்த்துவிட்டுப் போகிறான். சேவியர் முதலில் பேசட்டும் என்று நான். நான் பேசட்டும் என்று அவன்.

யார் யாருக்கு அப்பன்

நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார். அதனால் தட்டுகளை உறவுமுறைப்படி அடுக்கியிருக்கிறேன். யாரைப் பார்த்து யார் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் வரிசை. முதல் பெட்டியில் லிவர்பூல்காரர்கள், அவர்கள்தான் அப்பா. அடுத்த பெட்டியில் மகன்கள். இரும்புப் பட்டறை மாதிரி கிட்டார் வாசிக்கிற பர்மிங்காம்காரர்கள் பேரப்பிள்ளைகள். முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு பாடியவர்கள், பெண் கட்டிக்கொடுத்த வீடு.

சிலிம் ரிவர் ஊரிலிருந்து ஒரு டீச்சர் வந்து லண்டன்காரர்களின் தட்டைக் கேட்டார். "அது சித்தப்பா வீடு டீச்சர், நம்ம பெட்டியில இருக்காது. சொத்தெல்லாம் அப்பா சேர்த்தது. அவங்க பங்கு கேட்டு வந்தவங்க" என்று ஆரம்பித்து ஒவ்வொரு பெட்டியாக விளக்கினேன். பேரப்பிள்ளைகள் வரை வந்ததும் அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அண்ணே, நான் தட்டு வாங்க வந்தேன், பொண்ணு கேட்டு வரலை."

சேவியர் சொன்னது

சண்டை எப்படி வந்தது என்றால், லிவர்பூல்காரர்கள் பத்து வருஷம்கூட ஒற்றுமையாக இருக்கவில்லை, லண்டன்காரர்கள் தாத்தா வயதிலும் மேடையில் குதிக்கிறார்கள், அதுதான் பெருமை என்றான் சேவியர். "உங்க ஆளுங்க நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கிறாங்க, அவ்வளவுதான். ரப்பர் மரத்துல பால் வெட்டப் போறப்பகூட நாம முடியை நெத்தியில இறக்கிவிட்டுக்கிட்டுப் போனோமே, யாரைப் பார்த்து? லண்டனைப் பார்த்தா?" என்று கேட்டேன். கேட்டதை விட்டுவிட்டு அவன் பழைய கதையைக் கிளறினான். ஆறு வாடிக்கையாளர்கள் முன்னால் அவன் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் தருகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

"மணியம், நீ பேஸ் கிட்டார் வாசிச்ச காலத்துல நாங்க உன் ஒயரைப் பிடுங்கி வெச்சுட்டுத்தான் வாசிச்சோம் லா."

ஒரு பக்கம் மட்டும்

தட்டைப் போட்டுக் காட்டாமல் யாரும் வாங்க மாட்டார்கள். பிளேயர் என்னுடையது. ஸ்பீக்கர் இரண்டும் சேவியருடையவை. அதனால் பேச்சு இல்லாவிட்டாலும் பிழைப்பு ஒன்றாகத்தான் நடக்க வேண்டும். வாடிக்கையாளரைப் பார்த்து, "அந்த ஆளை ஸ்பீக்கர் போடச் சொல்லுங்க" என்பேன். அவன், "அந்த ஆளை ஊசியை மெதுவா வைக்கச் சொல்லுங்க" என்பான்.

ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் லிவர்பூல் தட்டு ஒன்றைப் போடச் சொன்னார். அந்தக் காலத்துத் தட்டுகள் சிலவற்றில் பாட்டு ஒரு ஸ்பீக்கரில் வரும், வாத்தியம் மறு ஸ்பீக்கரில் வரும். சேவியர் பாட்டு வருகிற ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் நைசாகக் கழற்றிவிட்டான். வாத்தியம் ஜோராக ஓடுகிறது, குரலைக் காணோம். டிரைவர் குனிந்து பிளேயருக்கு அடியில் தேடினார்.

"என்னண்ணே, பாட்டுக்காரன் மட்டும் இன்னிக்கு லீவா?"

சோபாவுக்குப் பொருத்தம்

மாதத்தின் கடைசி ஞாயிறு. பன்னிரண்டு மணிக்கு ஆபீசை மூடிவிடுவார்கள். பதினொன்றரைக்கே அந்த ஹேண்ட்போன் கவர்க்காரன் பெட்டிகளை இறக்கி எங்கள் மேசை ஓரமாக அடுக்கினான். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அப்போது ஓர் இளம்பெண் வந்தாள். என் பெட்டியில் நாலு, அவன் பெட்டியில் நாலு என்று தட்டுகளை எடுத்துப் பரப்பினாள். ஹேண்ட்போனில் ஒரு சோபாவின் படத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டின் மேலட்டைக்குப் பக்கத்திலும் காட்டிக் காட்டிப் பார்த்தாள். கடைசியில் சோபாவின் நிறத்தில் பச்சையாக இருந்த இரண்டை எடுத்தாள். லிவர்பூல் ஒன்று, லண்டன் ஒன்று. நான் பிளேயரைத் திறந்தேன். சேவியர் இரண்டு ஸ்பீக்கரையும் மாட்டினான்.

"போட வேணாம் அங்கிள், என்கிட்ட பிளேயரே இல்ல. அட்டை மட்டும் போதும், சுவத்துல மாட்டத்தான். உள்ள இருக்கிறதை நீங்களே வெச்சுக்கங்க."

பழைய சாமான்

சேவியருக்கு முகமே செத்துப்போய்விட்டது. "மணியம், கேட்டியா?" என்றான். நாலு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. முதலில் பேசியது அவன்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "கேட்டேன்டா, வா" என்றேன். அட்டை மட்டும் கேட்கிறவர்கள் வந்துவிட்ட காலத்தில், இந்த மேசையையும் கவர் விற்கிறவனிடம் விட்டுவிட்டா போவது? இரண்டு பேரும் ஆபீசுக்கு ஓடினோம்.

கவுண்டரில் நம் இனத்துப் பெண்தான் இருந்தாள். பாரத்தில் என்ன விற்கிறோம் என்று எழுத வேண்டுமாம். நான் லிவர்பூல் என்றேன். அவன் லண்டன் என்றான். அப்பன் யார், சித்தப்பன் யார் என்று மறுபடி ஆரம்பித்துவிட்டோம். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். அவள் பேனாவை எடுத்துத் தானே எழுதி, பாரத்தை எங்கள் பக்கம் தள்ளினாள்.

"பழைய சாமான்னு போட்டுட்டேன் அங்கிள். கையெழுத்து இங்க, சண்டை உங்க கடையில."

இந்தத் தொழிலில் சரக்கு எங்கேயாவது கிடைத்துவிடும்; வாராவாரம் தவறாமல் வந்து தப்பாகவே பேசுகிற பங்காளி கிடைப்பதுதான் கஷ்டம்.