நாலடிக்கு நட்ட கல்

அரசாங்கம் யாருக்குப் பயப்படாவிட்டாலும் சாமிக்குப் பயப்படும் என்று நான் நம்பினேன். அதுவரை சாமியையே நம்பாத ஆள் நான். இருபது வயதில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்தவன்தான், ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசினேன்.

காரணம், சுவரில் ஒரு சிவப்புக் கோடு. மழைநீர் வடிகால் கட்ட வேண்டும் என்று ஆட்கள் வந்து தெருவை அளந்தார்கள். வீட்டின் முன்னறையில்தான் என் ஜெராக்ஸ் கடை. உள்பக்கமாகப் பத்தடி நீளம். அதில் முன்னால் இருக்கும் நாலடி ரோட்டைச் சேர்ந்தது என்று கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பொய்யில்லை. அப்பா கட்டும்போதே கொஞ்சம் தாராளமாகத்தான் கட்டியிருந்தார். நாலடி போனாலும் ஆறடி மிச்சம். மெஷினைத் திருப்பிப் போட்டு, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பிழைப்பை ஓட்டியிருக்கலாம். ஆனால் பீதி வந்தால் எனக்குக் கழித்தல் கணக்கு மறந்துவிடும். அன்று ஆதார் கார்டு நகலுக்கு வந்த ஒரு அம்மாளுக்கு முன்பக்கத்தையே நாலு தடவை எடுத்துக் கொடுத்தேன்.

மனைவியின் தம்பி ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். வழி சொன்னவன் அவன்தான். "மாமே, நம்ம பக்கம் ரோடு எங்கெங்க வளையுதோ அங்கெல்லாம் ஒரு சாமி குந்தினு கீது, பாத்துக்கிறியா? கோர்ட்டு ஆர்டரே அங்க வளைஞ்சிதான் போவும். ஒரு கல்ல நட்டுட்டு கம்முனு கெட."

அம்மி உடைந்தபின் மிஞ்சிய குழவிக்கல் ஒன்று கடைக்கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. விடிவதற்குள் அதைப் படிக்கு முன்னால் நிமிர்த்தி நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றினேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "நேத்து வரிக்கும் கதவுக்கு முட்டு குடுத்த கல்லுக்கு இன்னா இம்மாம் பெரிய கும்புடு?" என்றாள். ஒத்திகை பார்க்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் யாரோ வேப்பிலை செருகியிருந்தார்கள். புது அடுக்குமாடியில் இருந்து ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் சூலம் வந்தது, தகரக் கூரை வந்தது, ஆடியில் கூழ் ஊற்றினார்கள், ஒரு கமிட்டியும் வந்தது. அதில் நான் இல்லை. எந்தச் சாமி என்று என்னை ஒரு வார்த்தை கேட்காமலே அம்மன் என்று அவர்களே முடிவு செய்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நானும் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

மறுபடி வந்த இன்ஜினீயர் ஷூவைக் கழற்றி, கும்பிட்டு, நெற்றிக்கு இட்டுக்கொண்ட பிறகுதான் டேப்பைப் பிரித்தார். பிரித்ததும் சுருட்டிவிட்டார். மேலிடத்தில் பேச வேண்டும் என்றார். அன்று மச்சானுக்கு நான் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

பேச்சுவார்த்தைக்கு வார்டு அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். சாமியைக் காப்பதற்கென்றே பிறந்ததாகச் சொல்லும் கட்சி வந்தது. சாமி இல்லை என்று சொல்லி வளர்ந்த கட்சியும் வந்தது. அவர்கள் நெற்றியில்தான் குங்குமம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கோயிலை யார் முதலில் காப்பாற்றியது என்பதில் மட்டும்தான் இரண்டு கட்சிக்கும் தகராறு. இன்ஜினீயர் புது வரைபடத்தை விரித்தார். கோயிலைத் தொடப்போவதில்லை, வடிகால் அந்த இடத்தில் மட்டும் வளைந்து கோயிலுக்குப் பின்னால் போகும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் கோயிலுக்குப் பின்னால் இருப்பது என் கடை என்பது உறைத்தது.

எழுந்தேன். "சார், அது சாமி இல்ல. எங்க ஊட்டுக் கொழவிக்கல்லு. நாந்தான் நட்டேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. தெருவில் நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறவர்கள்தான் அத்தனை பேரும். கமிட்டித் தலைவரான எதிர் டீக்கடைக்காரர் என் தோளில் கை போட்டார். "அண்ணாத்தே, கடை போவுதேன்னு வாய்க்கு வந்தத பேசாத. ஜனங்க மனசு புண்படும். கேஸாயிடும்."

இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். அன்று தகராறே இல்லாமல் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். இன்ஜினீயர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். நான் உட்கார்ந்தேன். உட்காரும்போது, கேவலம், "தாயே" என்றுதான் வாயில் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பொக்லைன் வந்தது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கும்பிட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து என் முன்னறை பத்தடியையும் இடித்தார். மெஷினைப் பருத்திப்பட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.